பத்தாயிரம் ரூபாய்க்குள் பழைய 5.1 ஆம்ப்ளிஃபையர்: எதை வாங்கலாம்?

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னறையில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துப் படம் பார்க்க ஆசைப்பட்டு, ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருப்பவருக்கு செகண்ட் ஹேண்டில் நான்கு வழிகள் உண்டு. 2000களில் வந்த, ஆப்டிகல் (ஒளியாக டிஜிட்டல் ஒலியை வாங்கும்) இணைப்போடு நின்றுவிட்ட ரிசீவர் (டிஜிட்டல் ஒலியைச் சேனல்களாகப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் கம்பெனி ஆம்ப்); ஏறக்குறைய 2010 முதல் 2014 வரை வந்த, ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே திருப்பி வாங்கும்) வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. ரிசீவர், அதற்குப் பிந்தைய 4கே ரிசீவர், நம் ஊர் மெக்கானிக் பூட்டித் தரும் அசெம்பிள்டு ஆம்ப். என் தேர்வு இரண்டாவதுதான். ஆனால் உங்கள் டிவியின் பின்பக்கம் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த முடிவு மாறலாம் என்பதால், காரணங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் முதலில் காதில் விழுவது வாட் கணக்கு என்பதால் அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலி தரும் சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 6 டெசிபல் குறையும். 16 வாட் கொடுத்தால் 12 டெசிபல் கூடும். ஆக ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து 93 டெசிபல் காதுக்கு வந்து சேர்கிறது. ஒட்டுச்சுவர் வீடுகளில் அதற்கு மேல் வைப்பதும் முறையல்ல. எனவே மேலே சொன்ன எந்த கம்பெனி ரிசீவரும் நம் அறைக்குப் போதும். ஐம்பது வாட்டா நூறு வாட்டா என்று பார்த்து விலையைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த எண்களும் அளக்கும் விதத்தைப் பொறுத்து மாறுகின்றன. 2018இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்-வி385ஐ, இரண்டு சேனல்களை ஓட்டி முழு அலைவரிசையில் அளந்தால் 70 வாட் என்றும், ஒரே சேனலை ஒரே அலைவெண்ணில் அளந்தால் 100 வாட் என்றும் அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றிய உண்மைகள்தான். ஒப்பிடும்போது இரண்டு ரிசீவர்களுக்கும் ஒரே வகை அளவை வைத்து ஒப்பிட வேண்டும்.

அசெம்பிள்டு ஆம்பின் சிக்கலும் இந்தக் கணக்கில்தான் வெளிப்படுகிறது. முகப்பில் ஆயிரக்கணக்கான வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருப்பது 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அது தரக்கூடிய மொத்தத் திறன் 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கி வரும் 120 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) மட்டுமே. அதில் ஹீட்சிங்க்கில் வெப்பமாகப் போவது போக, ஆறு சேனலுக்கும் சேர்த்து எழுபது வாட் தொடர்ந்து கிடைத்தாலே பெரிது. ஆகவே மூடியைத் திறக்கச் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அது உண்மையிலேயே 5.1 தானா என்பது. பல பெட்டிகளில் இடது, வலது என இரண்டு சேனல்களை மட்டும் வாங்கி, இரண்டையும் கலந்து சென்டருக்கும், வடிகட்டி சப்வூஃபருக்கும், சற்றே மாற்றிப் பின்புறத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஆப்டிகல் இன்புட்டோடு, டிஜிட்டல் ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கும் தனி டீகோடர் போர்டு பொருத்தியிருந்தால் மட்டுமே படத்தில் பின்னாலிருந்து வர வேண்டிய சத்தம் பின்னாலிருந்து வரும். இந்த வகைக்கு உள்ள பெரிய பலம் ரிப்பேர்தான்: எது போனாலும் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் கிடைக்கும், தெரு மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஆனால் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம் என்பதால், ஒரு முறை மாற்றியது நெடுநாள் நிற்குமா என்பது வாங்கும் கடையைப் பொறுத்தது. பாட்டுக் கேட்க மட்டும் என்றால் இதை நான் தடுக்க மாட்டேன், படத்துக்கு வேண்டாம்.

ஆப்டிகல் ரிசீவர்கள்தான் இந்த நான்கில் மிகவும் குறைத்து மதிக்கப்படுபவை. எச்.டி.எம்.ஐ. இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றின் விலை விழுந்துகிடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப்ளிஃபையர் பகுதியும் பெரும்பாலும் பின்னால் வந்த மலிவு மாடல்களைவிடக் கனமாகவே இருக்கும். ஆப்டிகல் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1, டி.டி.எஸ். இரண்டும் செல்லும்; ஓ.டி.டி. தளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் செல்லாது. நல்ல டிவிகள் பிளஸ் ஒலியைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் அனுப்பிவிடும். சில மலிவு டிவிகள் வெறும் இரண்டு சேனல் பி.சி.எம். (சுருக்கப்படாத சாதாரண ஸ்டீரியோ) ஒலியை மட்டுமே வெளியே விடும். அப்படிப்பட்ட டிவி வைத்திருப்பவர் எவ்வளவு நல்ல பழைய ரிசீவரை வாங்கினாலும் ஆப்டிகல் வழியாக 5.1 கேட்க முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே டிவியின் சவுண்ட் அவுட்புட் மெனுவில் டால்பி டிஜிட்டல் அல்லது பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் ரிசீவரின் டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்து எரிகிறதா என்பதே இறுதிச் சான்று.

இந்த வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வந்த தொடக்க ஆண்டுகளின் மலிவு மாடல்கள் சிலவற்றில் அந்தத் துளை படத்தை டிவிக்குக் கடத்துவதற்கு மட்டுமே. அதன் வழியே வரும் ஒலியை ரிசீவர் எடுத்துக்கொள்ளாது. “எச்.டி.எம்.ஐ. மாடல் சார்” என்று கூடுதல் விலை சொன்னால், மாடல் எண்ணை வைத்து மேனுவலைத் தேடிப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஏ.ஆர்.சி. என்பது 2009இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தோடு வந்தது. செட் டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக் எல்லாவற்றையும் டிவியிலேயே செருகிவிட்டு, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒரே கேபிள் போட்டால், ஒலி அதன் வழியே திரும்பி வருகிறது. படம் ரிசீவருக்குள் நுழைவதே இல்லை என்பதால் அது 4கேவைத் தாங்குமா, எச்.டி.சி.பி. 2.2 (4கே படங்களுக்கான நகல் தடுப்பு முறை) இருக்கிறதா என்ற கவலைகள் அத்தனையும் ஒரே அடியில் போய்விடுகின்றன. பத்தாயிரத்துக்குள் இந்த வகையை நான் முதலில் வைப்பதற்கு இதுவே காரணம். யமஹா ஆர்.எக்ஸ்-வி373 போன்ற 2012ஆம் ஆண்டு மாடல், இன்றைய 4கே டிவியோடு இந்த முறையில் ஒத்துழைக்கும். டிவியில் ஏ.ஆர்.சி. என்று குறித்திருக்கும் துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். இரு பக்கமும் சி.இ.சி. (கருவிகள் எச்.டி.எம்.ஐ. வழியே ஒன்றையொன்று இயக்கும்) வசதியை ஆன் செய்தாக வேண்டும். சத்தம் வரவில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் ரிசீவர்கள் பல, இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாததால் திரும்பியவையே.

4கே ரிசீவர்களில் மாடலுக்கு மாடல் வேறுபாடு கூர்மையானது. டெனான் ஏ.வி.ஆர்-எக்ஸ்1100டபிள்யூ 2014இல் 4கேவோடு வந்தது. ஆனால் அதில் எச்.டி.சி.பி. 2.2 இல்லை. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்1200டபிள்யூவில் அதுவும் உண்டு, டால்பி அட்மாஸும் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) உண்டு. 4கே ப்ளூ-ரே டிஸ்க் பிளேயரையோ கேம் கன்சோலையோ நேரடியாக ரிசீவரில் செருகப் போகிறவருக்கு எக்ஸ்1200டபிள்யூவே தேவை. ஆனால் இந்த வகை நம் பட்ஜெட்டில் அகப்படுவது அரிது. அகப்பட்டால் முதலில் எச்.டி.எம்.ஐ. போர்டைச் சந்தேகியுங்கள்: இடியிலும் மின் அழுத்த ஏற்ற இறக்கத்திலும் முதலில் சாவது அதுதான், மாற்றுப் போர்டு கிடைப்பதும் கடினம். அப்படி போர்டு செத்த ரிசீவரைக் காயலான் விலைக்குத் தருவதாக இருந்து, ஆப்டிகல் வேலை செய்தால், அதை 2000களின் ஆப்டிகல் ரிசீவராகவே கருதி வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் கடையிலேயே சோதிக்க வேண்டும். பின்பக்கத்தில் 230 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதே முதல் பார்வை. ஜப்பானிலிருந்து வந்தவை 100 வோல்ட்டிலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட்டிலும் ஓடுபவை. இவற்றுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு, யாராவது மறந்துபோய் நேரடியாகச் செருகிவிட்டால் அன்றோடு ரிசீவர் போய்விடும். அடுத்து, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரத்திலேயே இருந்த பெட்டியா என்று பாருங்கள். ஆர்.சி.ஏ. துளைகளின் வெளி வளையத்தில் மெல்லிய பச்சைப் படலம், ஸ்பீக்கர் டெர்மினலின் திருகில் பழுப்புத் துரு, மூடியின் ஸ்க்ரூ தலையில் வெள்ளைப் பொடி ஆகியவை உப்புக்காற்றின் அடையாளங்கள். வெளியில் இவ்வளவு என்றால் உள்ளே ரிலேயின் (ஸ்பீக்கர்களை ஆம்போடு இணைக்கும் தானியங்கி சுவிட்சின்) முனைகளும் கறுத்திருக்கும். ஆன் செய்த சில விநாடிகளில் உள்ளிருந்து “டக்” என்று ரிலே ஒட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றாலோ, ஒட்டி உடனே விட்டாலோ, ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்று பொருள். விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல், சத்தத்தை முழுவதும் குறைத்து, மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து ஒவ்வொரு சேனலின் டெர்மினலையும் அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு ரிசீவரின் டெஸ்ட் டோனை (ஒவ்வொரு சேனலிலும் மாறி மாறி வரும் சோதனை ஒலியை) ஓடவிட்டு ஐந்து சேனலும் பேசுகின்றனவா என்று கேளுங்கள். பலர் முன்னிரண்டில் பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். போயிருப்பது சென்டராக இருக்கலாம், ஏனென்றால் படத்தில் அதிகம் உழைப்பது அதுதான். ரிமோட் இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள், பல மாடல்களில் ஸ்பீக்கர் அமைப்பு மெனுவுக்குள் முழுமையாகப் போக முடியாது.

சோனி, சாம்சங் போன்றவற்றின் டிவிடி ஹோம் தியேட்டர் செட்டில் மிஞ்சிய ஸ்பீக்கர்களை இந்த ரிசீவர்களில் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல 3 ஓம் ஸ்பீக்கர்கள் (ஓம் குறைந்தால் ஆம்பிலிருந்து இழுக்கும் மின்சாரம் கூடும்). ரிசீவர்கள் எதிர்பார்ப்பதோ 6 ஓம் அல்லது அதற்கு மேல். சத்தம் கூடினால் சூடாகி நின்றுவிடும், ஆகவே வேண்டாம். அந்த செட்டின் சப்வூஃபருக்கோ ரிசீவரின் பின்னால் இணைப்பே இருக்காது. ரிசீவரில் இருப்பது லைன் அளவு (பெருக்கப்படாத சிறு சிக்னல்) சப்வூஃபர் அவுட்புட் மட்டும். உள்ளேயே ஆம்ப் கொண்ட பவர்டு சப்வூஃபரைத்தான் அது எதிர்பார்க்கிறது. மேலே நான் தள்ளிவைத்த அசெம்பிள்டு வகை கைகொடுப்பது இங்கேதான். டி.டி.ஏ.7294 ஐ.சி. வைத்த ஒரு மோனோ போர்டும், அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரும், வெட்டி வளைத்த தகரப் பெட்டியும் இருந்தால், அவுட்புட்டிலிருந்து ஒரு ஆர்.சி.ஏ. ஒயர் இழுத்து அந்தப் பழைய சப்வூஃபரை ஓட்டிவிடலாம். அதிர்வெண் வடிகட்டும் வேலையை ரிசீவரே செய்துவிடுவதால் போர்டில் தனி ஃபில்டர் தேவையில்லை. ஆனால் சப்வூஃபரின் ஓம் அளவை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 3 ஓம் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டைக் குறைத்துத்தான் அவர் கட்ட வேண்டும்.