பெட்டி பத்திரம், பட்டியல்தான் பாழ்: தாத்தாவின் கடிதங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பிறகு

"மாமனார் விட்டுட்டுப் போன டிரங்குப் பெட்டி வீட்டுல கெடக்குது அண்ணே. நீங்க குடுத்த எடத்துக்கே நானும் குடுத்திடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தாத்தாவின் காகிதங்கள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்புக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கொடுக்கும் நாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், படம் எடுப்பார்கள், தேநீர் தருவார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி, அதாவது ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்குபவர். கங்காணி லைசென்ஸ், முன்பணக் கணக்குப் புத்தகம், மணியார்டர் ரசீதுகள், மாரியம்மன் கோவில் திருவிழா வரவு செலவு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத்தாள், ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு கொஞ்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் அண்ணன் எழுதிய கடிதங்கள்.

காகிதத்தைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். நம் ஊர் ஈரத்துக்குத் துரு ஏறிய குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அப்பா ஒட்டிவைத்த செலோடேப் பழுத்துப் பழுப்பாகி எழுத்தையே தின்ன ஆரம்பித்திருந்தது. அதையும் எழுத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அமிலமில்லாத உறை, அமிலமில்லாத அட்டைப்பெட்டி, இரவும் பகலும் ஒரே குளிர். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன தாள்களைப் பிரித்து, நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு பக்கத்தை எங்களுக்குக் காட்டினார்கள். என் வீட்டுப் பரணில் இருந்திருந்தால் அதைப் பூச்சி தின்று முடித்திருக்கும்.

வாசிப்பு அறையும் மரியாதையான இடம். பையை வெளியே பூட்டிவிட்டு, பென்சிலோடு மட்டும் உள்ளே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு உறைதான் தருவார்கள். பிளாஷ் போடாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். கையுறை கேட்க மாட்டார்கள், கழுவித் துடைத்த கை போதும். அதுவே சரி, கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய்த் தாள் கிழியும். சனி ஞாயிறு திறப்பதில்லை, ஆகவே வேலைக்கு லீவு போட்டு ரயிலேற வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது பட்டியல்.

தோட்ட அலுவலகத்திலிருந்து தாத்தாவுக்கு வந்த ஆங்கிலக் கடிதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தனி வரி: யார் எழுதியது, என்ன தேதி, எதைப் பற்றி. அண்ணன் எழுதிய கடிதங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே வரி: தமிழ்க் கடிதங்கள், ஒரு கட்டு, தேதியில்லை.

தேதியில்லையாம். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும், "முருகன் துணை" என்பதற்கு அடுத்த வரியிலேயே தேதி இருக்கிறது. "வெகுதானிய௵ ஆடி௴ ௧௭௳" என்று, அதாவது வெகுதானிய வருடம் ஆடி மாதம் 17ஆம் நாள் என்று, மணிமணியான கையெழுத்தில். தமிழ் வருடங்கள் அறுபதில் முதலாவதான பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் வெகுதானிய பன்னிரண்டாவது, அதாவது 1938. தை முதல் பங்குனிவரை எழுதியது என்றால் பெரும்பாலும் ஆங்கில வருடத்தில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அறுபது வருடச் சுழற்சியில் எந்தச் சுற்று என்ற சந்தேகம் வந்தால் உறையில் தபால்தலை இருக்கிறது, ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? அந்த ஆடி மாதக் கடிதத்தில் அண்ணன் எழுதுகிறார்: கடைசித் தம்பியை நாகப்பட்டினத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், இனிமேல் மலாயாவுக்கு ஆள் விடமாட்டார்களாம். தேதி இல்லாமல் படித்தால் அது ஒரு வீட்டுப் புலம்பல். தேதியோடு படித்தால், 1938 ஜூனில் இந்திய அரசு தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்த செய்தி, சில வாரங்களில் ஒரு கிராமத்து வீட்டுக்குள் வந்து விழுந்ததற்கான சாட்சி. கங்காணி முறையே அதோடு முடிந்தது. இப்படி ஒரு தாள் கிடைக்காதா என்று ஏங்கும் ஆராய்ச்சி மாணவர், பட்டியலில் 1938 என்று தேடினால் எங்கள் பெட்டி வரவே வராது.

அதைவிட வயிற்றெரிச்சல், தேதியில்லை என்று முடிவு செய்ததால் கடிதங்களை அளவு பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். சின்னத் தாள் முன்னால், பெரிய தாள் பின்னால். பாட்டி அவற்றை வந்த வரிசையில் நூலில் கோத்து வைத்திருந்தார். அந்த வரிசையில் பார்த்தால் விஷு வருடம் கார்த்திகையோடு, 1941 கடைசியில், கடிதம் நின்றுவிடுகிறது. ஜப்பான்காரன் வந்துவிட்டான். அடுத்தது பார்த்திப வருடம் மார்கழி, சண்டை முடிந்த பிறகு. நான்கு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. அந்த மார்கழிக் கடிதத்தில் அண்ணன் முதலில் கேட்பது நடுத்தம்பியை: "அவன் இருக்கிறானா இல்லையா, ஒரு வரி எழுது." தாத்தாவோடு இந்தத் தோட்டத்தில் பால் வெட்டிய அந்த நடுத்தம்பி ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பி வரவில்லை. இந்த இரண்டு கடிதங்களும் இப்போது வேறு வேறு உறையில், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு கிடக்கின்றன.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆய்வாளர்கள் 1948 ஜூன் 16ஐத்தான் கேட்கிறார்கள். எல்பில், ஃபின் சூன் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. பெரிய சம்பவம்தான், மறுக்கவில்லை. ஆனால் துரைமார் எழுதிவைத்தவற்றுக்கு ஏற்கெனவே நல்ல இடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சொசைட்டி சேகரிப்புக்குள், மலேசியா சிங்கப்பூர் பிரிட்டிஷ் சங்கத்தின் காகிதங்கள் இருக்கின்றன. லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தவர்கள் எழுதியது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அடுப்பில் போய்விட்டது. தப்பியதையும் "ஒரு கட்டு" என்று எழுதினால் எப்படி?

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் பிரிவில் ஆட்கள் மிகக் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்குப் போயும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், ஊர் காலியாகக் காலியாகப் பெட்டிகள் வந்து குவிகின்றன. பட்டியலைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு மரியாதையாகவே பதில் போட்டார்கள்: தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் இல்லை, அடுத்த திருத்தத்தில் பார்க்கிறோம். நான் தேதிவாரியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, பத்திரமாக, ஒரு உறையில் போட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள். 520க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கிற நாட்டில், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து தலைப்பு வரியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, நண்பருக்கு என் பதில்: இப்போது கொடுக்காதீர்கள். காகிதத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, இருந்தாலும் கொடுக்காதீர்கள். முதலில் நூல் கோத்த வரிசை, கட்டிய கட்டு எதையும் பிரிக்காமல் ஒவ்வொரு தாளையும் படம் எடுங்கள். தமிழ் வருடம், மாதம், தேதி, ஆங்கில வருடம் என்று நோட்டில் எழுதுங்கள். நன்கொடைப் பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: அடுக்கு மாறக்கூடாது, குடும்பம் தரும் பட்டியல் பொதுப் பட்டியலில் ஏற வேண்டும். ஒப்புக்கொண்டால் அன்றே கையெழுத்துப் போடலாம்.

எங்கள் சித்தப்பா வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கிறது, தோட்டப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகள். நூலகத்தார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் "தேதியில்லை" மாறும்வரை தருவதாக இல்லை.