மதியச் சாப்பாட்டை வைத்து ரிசார்ட் பார்ப்பது: மண்டபமா, மாமல்லபுரமா, கோவளமா?

வைகையில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஊர் நம்முடையது. பிள்ளைகள் கடல் கேட்டால் வண்டியை எடுக்கத்தான் வேண்டும். இந்தப் பொங்கல் விடுமுறைக்கு நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர், மூன்று ராத்திரி. சாப்பாடும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் ரிசார்ட்டாகப் பார்த்ததில் கடைசியில் நின்றவை மூன்று: மதுரையிலிருந்து சுமார் 155 கிலோமீட்டரில் மண்டபம், 300-இல் கேரளக் கோவளம், 450-இல் மாமல்லபுரம். நாங்கள் போனது கோவளம். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அறை, ஏசி, நீச்சல்குளம் எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும்: மதியம் ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

காரணம் இருக்கிறது. நம் பக்கம் 'ஆல் இன்க்ளூசிவ்' என்று விற்பது பெரும்பாலும் ஏ.பி. எனப்படும் மூன்று வேளைத் திட்டம்தான். சி.பி. என்றால் காலை டிபன் மட்டும். எம்.ஏ.பி. என்றால் டிபனோடு இன்னொரு வேளை. நாலு மணி பஜ்ஜி, இளநீர், படகு எல்லாம் அநேகமாகத் தனிக் கணக்கு. ஆக, கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் பாதி மதியச் சாப்பாட்டுக்கு. அந்த நேரத்தில் வெளியே சுற்றிக்கொண்டிருந்தால் அது போச்சு.

இதைப் போன வருடம் மே மாதம் மண்டபம் பக்கம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்று வேளையும் சேர்த்துதான் போட்டிருந்தோம். முதல் நாள் ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வரும்போதே பசி கண்ணைக் கட்டியது. அங்கேயே சாப்பிட்டோம். மறுநாள் தனுஷ்கோடி. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனைக்கும் போய்த் திரும்பும் வழியில், ஓலைக் கொட்டகையில் மீன் பொரிக்கிற வாசம் வந்தால் யார் ரிசார்ட் பஃபேவை நினைப்பார்கள்? மூன்றரைக்குத் திரும்பினோம். மூன்று மணிக்கே மூடியாச்சு. "காபி வேணும்னா தர்றோம் சார்" என்றார்கள். அந்தக் காபியும் பில்லில் ஏறியிருந்தது. மதியத்துக்கு மட்டும் ஆளுக்கு 650 என்று வைத்தாலும் ஐந்து பேருக்கு இரண்டு நாளில் 6,500 ரூபாய், கடலில் கரைத்த பெருங்காயம்.

ஆனால் கடலைக் குறை சொல்ல மாட்டேன். பாக் நீரிணைப் பக்கத்தை அங்குள்ள மீனவர்கள் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல். மே மாதத்தில் பெண்கடல் கண்மாய் மாதிரி அடங்கிக் கிடந்தது. சின்னவன் இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நின்றான். பொங்கல் சமயத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது அந்த அமைதி இருக்காது.

மாமல்லபுரம் பற்றிச் சுருக்கமாக. வைகை எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், போக்குவரத்தில் சிரமமில்லை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்று ஊரே ஒரு நாள் வேலை, மதியம் மறுபடி வெளியேதான். அலையும் இழுப்பும் பலமான கடல், பிள்ளைகளை இறக்க மனம் வராது. சி.பி. போதும் என்று தோன்றுகிறது. நான் அங்கே காலையில் போய் மாலையில் திரும்பியதோடு சரி, ராத்திரி தங்கியதில்லை. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோவளத்திலும் இரண்டு கோவளம் உண்டு. கலங்கரை விளக்கக் கடற்கரையை ஒட்டித் தங்கினால் வாசலிலேயே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், ஏ.பி. வீண். நாங்கள் எடுத்தது விழிஞ்ஞத்துக்குத் தெற்கே சௌவரா பக்கம், பாறை மேட்டில். வாசலை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புதான், நடக்கிற தூரத்தில் கடை இல்லை. பார்க்க வேண்டிய ஒரே இடம் பத்மநாபசுவாமி கோயில். அதையும் விடியற்காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய், டிபனுக்குத் திரும்பிவிட்டோம். மற்ற நேரமெல்லாம் கடல், குளம், விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பலை எண்ணுவது. மூன்று நாளும் ஒரு மதியம்கூடத் தவறவில்லை.

குறையும் உண்டு. கடலுக்கு இறங்கப் படிகள் அதிகம், அம்மா ஒரே ஒரு தடவைதான் இறங்கினார். முதல் நாள் மட்டை அரிசிச் சோற்றை விரலால் உருட்டிப் பார்த்து, "என்னப்பா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது" என்றார். பரிமாறிய பையன் சிரித்துவிட்டு உள்ளே போய் வெள்ளைச் சோறும் ரசமும் கொண்டுவந்தான். மறுநாளிலிருந்து கேட்காமலே வந்தது. ராத்திரி பத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பதினோரு மணிக்குக் கொத்துப் பரோட்டா தேடுகிற மதுரை வயிறு அங்கே கொஞ்சம் தவிக்கும். வண்டியில் போகிறவர்கள் நாகர்கோவில் தாண்டி மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜூன், ஜூலையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அப்போது இந்த யோசனையே வேண்டாம்.

வரியையும் பாருங்கள். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. எங்களுக்கு டிபனோடு ஓர் அறை 7,200. சாப்பாட்டையும் சேர்த்து ஒரே கட்டணமாக 10,400 போட்டதும் 360 ரூபாய் வரி 1,872 ஆகிவிட்டது. பிரித்து பில் போட முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்ளலாம், முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். டிசம்பர் 24, 31 ராத்திரி என்றால் 'காலா டின்னர்' எனப்படும் சிறப்பு விருந்து கட்டாயமா என்றும் கேளுங்கள். ஏ.பி. எடுத்திருந்தாலும் அதற்குத் தனியாக வாங்குகிற இடங்கள் உண்டு.

வருகிற மே மாதம் சின்னவன் மறுபடி மண்டபம் கேட்கிறான். போகலாம் என்றிருக்கிறேன், சி.பி.யில். மதியத்துக்கு அந்த ஓலைக் கொட்டகை இருக்கிறது.