எஸ்கியூஎல் லோடர்: வேகம் பிரமாதம், பிழைச் செய்திதான் வில்லங்கம்

பிரிக்பீல்ட்ஸ் கடையின் வாடிக்கையாளர் பட்டியலோ, பினாங்கு லெபு பாசார் மொத்த வியாபாரியின் சரக்குப் பட்டியலோ, ஆரக்கல் தரவுத்தளத்துக்குள் மொத்தமாக ஏற்ற எஸ்கியூஎல் லோடர் என்ற கருவியே போதும். ஆரக்கலோடு சேர்ந்தே வருகிறது. லட்சம் வரி கொடுத்தாலும் அசராது.

வம்பு எல்லாம் 'ஃபீல்ட் இன் டேட்டா ஃபைல் எக்ஸீட்ஸ் மேக்ஸிமம் லெங்த்' (கோப்பில் உள்ள புலம் உச்ச நீளத்தைத் தாண்டுகிறது) என்ற செய்தியில்தான். இதைப் பார்த்ததும் டேபிளை அகலப்படுத்த ஓடாதீர்கள். டேபிளில் வார்சார்2(4000), அதாவது 4000 வரை கொள்ளும் எழுத்து நெடுவரிசை, இருந்தாலும் இது வரும். கோப்பை எப்படிப் படிப்பது என்று லோடருக்குச் சொல்லும் கண்ட்ரோல் ஃபைலில் நீளம் எழுதாத புலத்துக்கு லோடர் தானாக 255 பைட் என்று வைத்துக்கொள்கிறது. குறிப்பு, முகவரி போன்ற புலங்களுக்குப் பக்கத்தில் சார்(4000) என்று எழுதினால் தீர்ந்தது. (பள்ளிக்கூட சார் இல்லை, கேரக்டரின் சுருக்கம்.) ஏற்றத்தின் விவரம் பதிவாகும் லாக் ஃபைலில் அந்தப் புலத்தின் நீளம் நட்சத்திரக் குறியாக இருந்தால் இன்னும் 255-தான், 4000 என்று தெரிந்தால் சரி.

அதற்குப் பிறகும் அதே செய்தியா? பிரிப்புக்குறியைப் பாருங்கள். கோப்பில் அரைப்புள்ளி, கண்ட்ரோல் ஃபைலில் காற்புள்ளி என்றால் முழு வரியும் ஒரே புலமாகிவிடும்.

ஓஆர்ஏ-12899 (நெடுவரிசைக்கு மதிப்பு பெரிது) என்ற பிழை வேறு விவகாரம். அது டேபிளே சொல்லும் குறை. நெடுவரிசையின் பெயர், வந்த அளவு, கொள்ளளவு மூன்றையும் காட்டும், அந்த நாணயம் பாராட்டத்தக்கது. தமிழ்ப் பெயர்கள் இங்கேதான் மாட்டும். 'சுப்பிரமணியம்' கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். வார்சார்2(30) பைட் கணக்கில் இருந்தால் தள்ளிவிடும், வார்சார்2(30 சார்) என்றால் ஏற்கும். ரோமன் எழுத்தில் 11 பைட்டோடு சோதித்தவர்களுக்கு இது பிடிபடாது. கண்ட்ரோல் ஃபைலிலும் கேரக்டர்செட் ஏஎல்32யூடிஎஃப்8 (ஆரக்கலில் யூடிஎஃப்-8இன் பெயர்), லெங்த் செமான்டிக்ஸ் சார் (நீளம் எழுத்துக் கணக்கில்) இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் பைட் கணக்குதான்.

வார்சார்(30) என்றாலே எழுத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதில் ஒரு படி மேல்.

லோடர் ஒதுக்கிய வரிகள் பேட் ஃபைல் என்ற தனிக் கோப்பில் அப்படியே கிடக்கும். சொல்லாமல் வெட்டிச் சுருக்கி ஏற்றுவதில்லை, நல்ல குணம். ஆனால் எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்ற எரர்ஸ் அளவு, நாம் மாற்றாவிட்டால் 50. அதைத் தாண்டினால் ஏற்றமே நின்றுவிடும், முன்னால் கமிட் ஆன (நிரந்தரமாகப் பதிந்த) வரிகள் உள்ளேயே இருக்கும். திருத்திய பேட் ஃபைலை மட்டும் மறுபடி கொடுக்கும்போது கண்ட்ரோல் ஃபைலில் அப்பெண்ட் (இருப்பதோடு சேர்) என்று எழுத மறக்காதீர்கள். இயல்பான இன்சர்ட், காலி டேபிளைத்தான் ஏற்கும். டிரங்கேட் என்று மாற்றினாலோ முதலில் ஏறியதும் போய்விடும்.