எதிர்ச்சொல் ஒப்புமை: பட்டியலா, கைடா, போனா, பழைய தாளா, சொந்தக் கேள்வியா?

8-ஆம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்நேரம் என்எம்எம்எஸ் பேச்சு தொடங்கியிருக்கும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இது. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் 9-ஆம் வகுப்பிலிருந்து 12 முடிக்கும்வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ரப்பர் பால் வெட்டப் போகிற வீட்டுக்கும் கடல் தொழிலுக்குப் போகிற வீட்டுக்கும் அது சும்மா விடுகிற பணம் இல்லை.

அதன் மனத்திறன் தாளில் சொல் ஒப்புமை வரும், அதில் எதிர்ச்சொல்லை வைத்து வருவதும் உண்டு. இரவு : பகல் :: நட்பு : ? என்கிற மாதிரி, அதாவது இரவுக்குப் பகல் எப்படியோ நட்புக்கு அப்படி எது என்று. இதை எப்படிப் பழக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எல்லாக் கட்சியின் பேச்சும் என் காதில் விழும். எதிர்ச்சொல் தெரிந்தால் போதாதா, இதற்கு என்ன தனிப் பயிற்சி என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் முதலில் இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.

உழைப்பு : உயர்வு :: சோம்பல் : ?
விடைகள்: சுறுசுறுப்பு, தாழ்வு, ஓய்வு, தூக்கம்.

பட்டியல் ஒப்பித்த பிள்ளை யோசிக்காமல் சுறுசுறுப்புக்கு நேரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்கும். சோம்பலுக்கு எதிர்ச்சொல் அதுதானே, நோட்டிலும் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் உழைப்புக்கு எதிர்ச்சொல்லா உயர்வு? உழைத்தால் கிடைப்பது உயர்வு, அப்படியானால் சோம்பிக் கிடந்தால் கிடைப்பது தாழ்வு. எதிர் என்பது இங்கே முதல் ஜோடிக்குள் இல்லை, இரண்டு ஜோடிக்கும் குறுக்கே கிடக்கிறது. முதல் ஜோடியைப் படிக்காமல் மூன்றாவது சொல்லை மட்டும் பார்த்து விடைக்குத் தாவுகிற பழக்கத்தைத்தான் வெறும் பட்டியல் வளர்க்கிறது.

அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட முடியாது. அண்மை - சேய்மை, இம்மை - மறுமை, ஈதல் - ஏற்றல், புகழ்ச்சி - இகழ்ச்சி இதெல்லாம் வீட்டில் யாரும் பேசுகிற சொற்களா? நம் வீட்டில் பக்கத்துல, தூரத்துல என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லே தெரியாத பிள்ளைக்கு எந்த முறையும் கை கொடுக்காது. ஆகவே பட்டியல் வேண்டும், சரக்காக மட்டும். நாளுக்கு நாலைந்து ஜோடி போதும், அதையும் வரிசை மாற்றி, இடமிருந்தும் வலமிருந்தும் கேட்க வேண்டும்.

அடுத்தது கைடு. நாகர்கோவிலுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் வாங்கி வந்துவிடுவார்கள், கேள்விக்குப் பஞ்சம் இருக்காது. எனக்கு அதில் உள்ள குறை வேறு. ‘எதிர்ச்சொல் ஒப்புமை’ என்று தலைப்பைப் போட்டு அதன் கீழே அதே வகைக் கேள்விகளாக அடுக்கியிருப்பார்கள். இது எந்த உறவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி, அந்தப் பாதியைத் தலைப்பே செய்து கொடுத்துவிடுகிறது. பிள்ளை முழு மதிப்பெண் எடுக்கும், அம்மாவுக்குச் சந்தோஷம், தேர்வில் தலைப்பு இருக்காது. இன்னொன்று, கடைசிப் பக்கத்தில் விடை எழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்ற பேச்சே இருக்காது. இந்த வகைக் கேள்வியில் படிப்பே அங்கேதான் இருக்கிறது. நீதி : அநீதி :: சுத்தம் : ? என்று கேட்டு, விடையில் அழுக்கையும் அசுத்தத்தையும் சேர்த்தே வைத்தால் பிள்ளை திணறும். இரண்டுமே எதிர்ச்சொல்தான். முதல் ஜோடியில் அதே சொல்லுக்கு முன்னால் ‘அ’ ஒட்டி எதிராகியிருக்கிறது, அதனால் அசுத்தம். இதைக் கேட்டவுடன் ‘அ’வில் தொடங்குவதெல்லாம் எதிர்ச்சொல் என்று சில பிள்ளைகள் முடிவுகட்டிவிடும், அமைதியும் அகலமும் அவர்களிடம் படாத பாடு படும். அதையும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும், கைடு பேசாது. கைடு வாங்கினால் ஒரு வேலை செய்யுங்கள்: தலைப்பை மறைத்து, நாலைந்து பாடத்திலிருந்து கலந்து கேளுங்கள். அப்படிச் செய்தால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

போன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவில் கேள்வியை வாசித்த மறுநொடியே விடையைச் சொல்லிவிடுகிறார்கள், பிள்ளையும் ஆமா ஆமா என்று தலையாட்டிக்கொண்டே பார்க்கிறது. பட வரிசைக் கேள்விகளுக்கு, கண்ணாடிப் பிம்பத்துக்கு எல்லாம் வீடியோ நல்லது, சொல்லுக்கு வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் வருகிற பிடிஎஃப் எல்லாம் கைடுதான், ஜெராக்ஸ் செலவு நம்முடையது.

பழைய வினாத்தாள் நிஜமான சரக்கு. தலைப்பு கிடையாது, எண் தொடருக்கும் படத்துக்கும் நடுவில் சொல் ஒப்புமை வந்து நிற்கும், தேர்வு அறையில் எப்படி வருமோ அப்படி. சிக்கல் என்னவென்றால் ஒரு தாளில் எதிர்ச்சொல்லை வைத்து வருவது கொஞ்சமே, ஒரு தடவை போட்டுப் பார்த்தால் விடை மனதில் நின்றுவிடும், அப்புறம் அந்தத் தாள் அளந்து பார்க்க உதவாது. ஜூலையிலேயே எல்லாத் தாளையும் போட்டு முடித்துவிட்டுக் கடைசி மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பூட்டி வையுங்கள், கடைசியில் எடுங்கள், எடுக்கும்போது கடிகாரம் வைத்து எடுங்கள். 90 கேள்விக்கு 90 நிமிடம் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடம். சொல் கேள்வியை அதில் பாதி நேரத்தில் முடிக்கிற பிள்ளைக்குத்தான் படக் கேள்வியில் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இனி என் கட்சி. பிள்ளைகளே கேள்வி எழுதட்டும். ஒரு ஜோடி, மூன்றாவது சொல், நாலு விடை. அந்த நாலில் ஒன்று சரி, ஒன்று மூன்றாவது சொல்லுக்கு அதே பொருள் தரும் சொல், ஒன்று முதல் ஜோடியைப் பார்த்து ஏமாறுகிறவனுக்கு, ஒன்று பொருள் சரியாக இருந்தும் வடிவம் ஒட்டாதது. உயர்வு : தாழ்வு :: வெப்பம் : ? என்று எழுதி, தட்பம், சூடு, பள்ளம், குளிர்ந்த என்று நாலு விடை. தாழ்வு என்றதும் பள்ளத்துக்கு ஓடுகிறவன் ஒருவன், குளிர்ந்த என்பது பெயர்ச்சொல் இல்லை என்று பார்க்காதவன் ஒருவன். பொறி வைக்கத் தெரிந்த பிள்ளை அடுத்தவர் வைத்த பொறியில் எளிதில் விழாது, இதை எந்தக் கைடும் கொடுக்க முடியாது.

எழுதுவதற்கு முன் ஜோடி எப்படி எதிராக நிற்கிறது என்று வாயால் சொல்ல வைப்பேன். சூடு - குளிர் என்றால் நடுவில் வெதுவெதுப்பு உண்டு. உள்ளே - வெளியே என்றால் நடுவில் ஒன்றும் இல்லை, இது இல்லாவிட்டால் அது. விற்பது - வாங்குவது வேறு மாதிரி. குளச்சலில் மீன் ஏலம் பார்த்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், ஒரே கூடை மீன்தான், ஒருவருக்கு விற்பனை, எதிரே நிற்கிறவருக்குக் கொள்முதல். முதல் ஜோடி எந்த மாதிரியோ, இரண்டாவதையும் அதே மாதிரி தேட வேண்டும்.

போன மாதம் ஒரு பெண் எழுதி வந்த கேள்வி: ஏற்று : இறக்கு :: கட்டு : ? விடையில் அவிழ், இடி, முடி, தூக்கு. படிக்க ஆரம்பித்ததுமே சண்டை.

“அக்கா, இவளுக்க கேள்வில ரெண்டு விடை கெடக்கு. வீடு கெட்டினா இடிக்கத்தான செய்வாங்க?”

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்த பையன், “லே, ஏத்துனத எறக்குனா பழையபடி ஆவும். முடிச்ச அவுத்தாலும் பழையபடி கயிறு ஆவும். வீட்ட இடிச்சா கல்லும் மண்ணுந்தான் கெடக்கும்” என்றான்.

நான் வாயே திறக்கவில்லை. கேள்வி எழுதியவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதற்கு வம்பு என்று இடியை அடித்துவிட்டு ‘இறுக்கு’ என்று எழுதினாள். அந்தப் பையன் சொன்ன நியாயத்தை நான் ஒரு மணி நேரம் நின்று விளக்கியிருந்தாலும் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் ஆசிரியர் - மாணவர், காய் - பழம் என்று வெறும் ஜோடிகளை எதிர்ச்சொல் என்று எழுதி வருவார்கள், திருத்த ஆள் வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம், பழைய தாளோடு நின்றுகொள்ளுங்கள், தெரியாததையும் விடாமல் ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வரச் சொல்லுங்கள், தப்புக்கு மதிப்பெண் பிடிப்பது இல்லை. நாள் இருந்தால் ஐப்பசி மழைக்கு லீவு விடும்போதே தொடங்கிவிடுவது நல்லது. டிசம்பர் வந்துவிட்டால் கோட்டாறு சவேரியார் திருவிழா, அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேர் என்று நம் மாவட்டத்தில் பிள்ளை நோட்டைத் தொடாது.

சண்டை போட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். எழுதிய கேள்வியை விடை குறிக்காமல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, நாலு விடையையும் கையால் மூடிக்கொண்டு தானே போட்டுப் பார்க்கட்டும். மனதில் வந்த சொல் அந்த நாலில் இல்லையென்றால் ஒன்று கேள்வியில் கோளாறு, இல்லை முதல் ஜோடியைப் படித்ததில் கோளாறு. எது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, மறுநாள் பள்ளியில் தமிழ் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.