38 நிறுவனங்கள், 31 புள்ளிகள்: ஒரு சிதறல் வரைபடச் சேவையின் மதிப்புரை

பங்குகளை வடிகட்டித் தரும் இணையச் சேவைகளில் பெரும்பாலானவை அட்டவணையோடு நின்றுவிடுகின்றன. ஓராண்டாக நான் சந்தா கட்டிப் பயன்படுத்தும் சேவை, வடிகட்டிய அதே பட்டியலைச் சிதறல் வரைபடமாகவும் காட்டுகிறது. எந்த இரண்டு நிதிக் குறியீடுகளைத் தேர்ந்தெடுத்தாலும், ஒன்று கிடை அச்சிலும் மற்றொன்று செங்குத்து அச்சிலும் அமர, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புள்ளியாகிவிடும். குறைகளையும் சொல்லப்போவதால் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன். அவற்றில் பல இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றிலும் தேடிப் பார்க்க வேண்டியவைதாம்.

முதலில், கட்டிய பணத்துக்கு ஈடாக எனக்குக் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். கிடை அச்சில் நிகர மதிப்பின் (சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது) மீதான லாப விகிதத்தையும் (ஆர்.ஓ.இ.), செங்குத்து அச்சில் பங்கு விலைக்கும் புத்தக மதிப்புக்குமான (பங்கொன்றுக்கு வரும் அதே நிகர மதிப்பு) விகிதத்தையும் (பி.பி.) வைத்து ஒரு துறையின் நிறுவனங்களைப் பரப்பிப் பாருங்கள். பி.பி. என்பது பி.இ. விகிதத்தை (பங்கு விலையைப் பங்கொன்றின் லாபத்தால் வகுத்தது) ஆர்.ஓ.இ.யால் பெருக்கினால் வருவது. ஆகவே 20 சதவீத ஆர்.ஓ.இ.யும் 4 பி.பி.யும் உள்ள நிறுவனமும், 10 சதவீதமும் 2-ம் உள்ள நிறுவனமும் ஒரே 20 பி.இ.யில்தான் விற்கின்றன. வரைபடத்தில் இவ்விரண்டும், அச்சுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரே நேர்கோட்டில் அமர்கின்றன. கோடு எவ்வளவு செங்குத்தாக எழுகிறதோ அவ்வளவு உயர்ந்த பி.இ. மூன்றாவது விகிதத்தைத் தனியாகக் கேட்காமலேயே படம் காட்டிவிடுகிறது. அட்டவணையின் மூன்று பத்திகளை மாறி மாறி வரிசைப்படுத்திப் பார்த்த காலத்தில் இது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. இத்தகைய சம பி.இ. கோடுகளைப் படத்தின் மேல் வரைந்துகொள்ள இச்சேவை வசதி தருகிறது என்பதே நான் இதைத் தேர்ந்தெடுத்த முதல் காரணம்.

சந்தை மதிப்புக்கேற்பப் புள்ளியைக் குமிழியாக்கும் வசதியும் ஒழுங்காகவே இருக்கிறது. மதிப்பு நான்கு மடங்கானால் குமிழியின் ஆரம் இரண்டு மடங்குதான் ஆக வேண்டும். ஆரத்தையே நான்கு மடங்காக்கும் கருவிகளில் பரப்பு 16 மடங்காகி, பெரிய நிறுவனம் மற்றவற்றை விழுங்கிவிடும். இங்கே அந்தப் பிழை இல்லை. துறைவாரியான நிறங்கள், படத்தைச் சேமித்தல் போன்றவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒருமுறை 38 நிறுவனங்கள் கொண்ட பட்டியலை வடிகட்டி, விற்பனை வளர்ச்சியைக் கிடை அச்சிலும் பி.இ.யைச் செங்குத்து அச்சிலும் வைத்தேன். நான் தேடிய நிறுவனம் மட்டும் எங்கும் தென்படவில்லை. கர்சரை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 31 தான் இருந்தன. காணாமற்போன ஏழும் நஷ்டத்தில் ஓடுபவை. நஷ்டத்துக்குப் பி.இ. கணக்கிடுவதில் பொருளில்லை என்பது சரிதான்; ஆனால் படத்தின் ஓரத்தில் ‘7 நிறுவனங்கள் விடப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை? சம இடைவெளிகள் சம மடங்குகளைக் குறிக்கும் மடக்கை (லாக்) அளவுகோலுக்கு மாறினாலும் இதே கதைதான். பூஜ்யத்துக்கும் எதிர்ம எண்களுக்கும் மடக்கை கிடையாது என்பதால், விற்பனை சுருங்கிய நிறுவனங்களும் சத்தமில்லாமல் நீங்கிவிடுகின்றன. மிச்சமிருப்பவை வெற்றி பெற்றவை மட்டுமே என்பதைப் படம் எங்கும் சொல்வதில்லை.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: வரக்கூடாத புள்ளி வருவது. நஷ்டம் 50, நிகர மதிப்பு கழித்தல் 200 என்று நிற்கும் நிறுவனத்துக்கு, கழித்தலைக் கழித்தலால் வகுத்து, கூட்டல் 25 சதவீத ஆர்.ஓ.இ. என்று போட்டுவிடுகிறது இந்தச் சேவை. மூலதனம் முழுவதையும் தின்று தீர்த்த நிறுவனம், துறையின் சிறந்தவற்றுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கும். கடன் மிகுந்திருந்தாலும், பங்குகளைத் திரும்ப வாங்கி நிகர மதிப்பு சுருங்கியிருந்தாலும் ஆர்.ஓ.இ. வீங்கும் என்பது தெரிந்ததே. அதைப் பார்ப்பவர் கணித்துக்கொள்ளலாம். குறி மாறிய கணக்கைச் சேவைதான் தடுத்திருக்க வேண்டும்.

படத்தின் குறுக்கே ஓடும் இரண்டு கோடுகளையும் நான் நிரந்தரமாக அணைத்து வைத்திருக்கிறேன். முதலாவது சராசரிக் கோடு: ஒன்பது நிறுவனங்களின் பி.இ. 20 ஆகவும் ஒன்றினுடையது 400 ஆகவும் இருந்தால் சராசரி 58 ஆகி, ஒன்பதும் ‘மலிவு’ என்ற கட்டத்துக்குள் விழுந்துவிடுகின்றன. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவோ 20 என்று சரியாகச் சொல்லியிருக்கும். இரண்டாவது தொடர்புப் போக்குக் கோடு. அதன் பொருத்தத்தை அளக்கும் ஆர்-ஸ்கொயர் எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுப் பெருமைப்படுகிறார்கள். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 0.816, கோடும் ஒன்றே, ஆனால் வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். அவற்றுள் ஒன்றில், தனித்து நிற்கும் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே உருவாக்குகிறது. மேலே சொன்ன 31 புள்ளிப் படத்திலும் வலது மேல் மூலையில் அப்படி ஒருவர் நின்றிருந்தார். அவரை நீக்கியதும் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.

‘ஆயத்தப் படங்கள்’ என்ற பட்டியலில் முதலில் இருப்பது பி.இ.க்கு எதிராக பி.பி. இரண்டிலும் பங்கு விலையே தொகுதி, அதாவது வகுபடும் மேல் எண். பொதுவான உறுப்பைக் கொண்ட விகிதங்கள், அவற்றின் மூலங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தாலும் ஒட்டுறவு காட்டும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்துவிட்டார். அழகாக மேலேறும் அந்தப் படத்தை முதல் வாரத்தில் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கைபேசியில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், இதைக் கணினியில் மட்டுமே பயன்படுத்த முடிகிறது. விடுபட்ட நிறுவனங்களைக் குறித்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்து நான்கு மாதமாகிறது.

ஆனாலும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். சொந்தமாகச் சூத்திரம் எழுதி அதையே அச்சாக வைத்துக்கொள்ளும் வசதி இதில் இருப்பதுதான் காரணம். பி.இ.யைத் தலைகீழாக்கி, லாபத்தை விலையால் வகுத்தேன். விலை 100 என்றால் லாபம் 1-லிருந்து 0.1 ஆகும்போது பி.இ. 100-லிருந்து 1000-க்குத் தாவுகிறது, நஷ்டமானால் மறைந்துவிடுகிறது; தலைகீழ் விகிதமோ 1 சதவீதம், 0.1 சதவீதம், பிறகு பூஜ்யத்துக்குக் கீழே என்று சீராக இறங்குகிறது. இப்போது 38 புள்ளிகளும் படத்தில் இருக்கின்றன. பூஜ்யக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் ஏழில் மூன்று, பட்டியலிலேயே மிக வேகமாக விற்பனை வளர்ந்தவை.