ஆழக் குழியா, அகலப் பள்ளமா? அடிவாரத்து மனைப்பிரிவுக்கு எந்த மழைநீர்க் குளம்?

சேலம் கன்னங்குறிச்சி தாண்டி, சேர்வராயன் அடிவாரத்தில் 5 ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் நிலமாகக் கிடந்தபோது மழையில் பாதிக்கு மேல் மண்ணே குடித்துவிடும். தார்ச் சாலையும் கூரையும் வந்தபின் குடிக்க ஆளில்லை. ஓடுநீர் விகிதத்தை, அதாவது பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவிடும் பங்கை, முன்பு 0.3, பின்பு 0.7 என எடுத்து, மணிக்கு 60 மி.மீ. மழைக்குக் கணக்குப் போட்டால், நொடிக்கு 0.1 கனமீட்டர் வெளியேறிய இடத்தில் இனி 0.24 வெளியேறும். ஒரு மணி நேர மழைக்கு இந்தக் கூடுதல் தண்ணீர் மட்டும் சுமார் 480 கனமீட்டர். அதைப் பிடித்து நிறுத்தி, பழைய அளவிலேயே மெல்ல விடுவதற்குத்தான் குளம். அப்படிப் பிடித்து நிறுத்தாவிட்டால் தண்ணீர் கீழே குடியிருப்பவர் வீட்டுக்குள் போகும். இந்தச் செலவைத் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வடிவங்களைப் பார்ப்போம். முதலாவது ஆழக் குழி: அடி 8×8 மீட்டர், ஆழம் 3 மீட்டர், மேலே 17×17. இரண்டாவது அகலப் பள்ளம்: அடி 20×15, ஆழம் 1.2 மீட்டர், மேலே 27.2×22.2. ஆழக் குழி 489 கனமீட்டர், அகலப் பள்ளம் 532. நீர்மட்டத்துக்கு மேலே கரையில் விடும் காலி உயரம் இதில் சேராது.

இந்த அளவுகள் மேல், நடு, அடி மூன்று பரப்பையும் எடுத்துப் போட்டவை. பலர் மேல் பரப்பையும் அடிப் பரப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து ஆழத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அகலப் பள்ளத்துக்கு அப்படிப் போட்டால் 542 வரும், பரவாயில்லை. ஆழக் குழிக்கோ 529 வரும். வெட்டாத 40 கனமீட்டருக்குப் பணம் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை டிப்பரில் இருக்கிறது. வெட்டிய மண் உப்பும். 25 சதவீதம் என்று வைத்தாலும் 532 கனமீட்டர் வண்டியில் 665 ஆகிவிடும், அதாவது சுமார் 235 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). குழிக்கணக்கில் பேசிய விலையா, வண்டிக்கணக்கில் பேசிய விலையா என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

சரி, மண் அளவில் ஆழக் குழிதானே சிக்கனம்? பாறை வராதவரை. இந்த அடிவாரத்தில் செம்மண்ணுக்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கரும்பாறை. 2 மீட்டரில் பாறை தட்டினால் ஆழக் குழியின் கடைசி 1 மீட்டரில் இருப்பது 91 கனமீட்டர்தான். பிரேக்கர் போட்டு உடைக்க மண்ணைப்போல ஐந்து மடங்கு செலவு என்று வையுங்கள். அந்த 91க்கு ஆகும் காசு, மேலே உள்ள 398 கனமீட்டர் மண்ணை வெட்டும் காசைத் தாண்டிவிடும். மொத்தத்தில் ஆழக் குழி 853 கனமீட்டர் மண் வெட்டும் செலவில் நிற்கும், அகலப் பள்ளம் 532இலேயே நிற்கும். ஆகவே விலை கேட்பதற்கு முன்பே பொக்லைன் வைத்து இரண்டு மூன்று சோதனைக் குழி போட்டுவிட வேண்டும்.

வடிகால் விஷயத்திலும் அகலப் பள்ளத்துக்கே என் ஓட்டு. தெருவோரச் சாக்கடை 1 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் குழியின் அடியில் உள்ள தண்ணீர் தானாக வெளியேறாது, மோட்டார் வேண்டும். மழையடிக்கும் இரவில் கரண்ட் இருக்குமா? அகலப் பள்ளத்தின் அடியில் 20 செ.மீ. விட்டத்தில் ஒரு துவாரம் விட்டால், வெளியேறும் தண்ணீர் பழைய நொடிக்கு 0.1 கனமீட்டருக்குள்ளேயே அடங்கும். சரிவைப் பார்த்துக் குழாயைச் சற்றுத் தள்ளிக் கீழே கொண்டுபோய் விடலாம். துவாரத்துக்கு முன்னால் கம்பி வலை கட்டாயம், பிளாஸ்டிக் பை ஒன்றே அடைத்துவிடும். மிஞ்சும் தண்ணீர் கரையை அறுக்காமல் வழிந்தோட, கல் பதித்த கலங்கலும் வேண்டும்.

அகலப் பள்ளத்துக்கு எதிரான நியாயமும் பலமானதுதான்: கூடுதலாக 315 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 8 சென்ட். 1200 சதுர அடி மனை என்றால் மூன்று மனை நெருங்கிவிடும். மனை விலை ஏறிய இடத்தில், சோதனைக் குழியில் 4 மீட்டர் வரை பாறையே வராமல், சரிவும் நன்றாக இருந்து குழாய் தானாக வெளியேறுமானால் ஆழக் குழியை எடுங்கள். ஆனால் சுற்றி வேலியும் போடாமல், ஏறி வரப் படியும் வைக்காமல் 3 மீட்டர் குழியைக் குழந்தைகள் நடமாடும் தெருவில் விடக்கூடாது; வேலிச் செலவையும் அந்தப் பக்கமே ஏற்றிக் கணக்குப் போடுங்கள்.