கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (கேட்) இல்லாத டவுன்பைப், ஸ்டேஜ் 2 ரீமேப்: மூன்று வருட அனுபவம்

"நானும் ஸ்டேஜ் 2 போடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஃபோனில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன். நான் போட்ட ஸ்டேஜ் 2 இதுதான்: டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பை, புகையைச் சுத்தம் செய்யும் கேட் இல்லாத ஒன்றாக மாற்றி, பவர் கூட இன்ஜின் கணினியின் மென்பொருளையும் மாற்றுவது (ரீமேப்).

ஓட்டும் சுகத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூன்றாவது கியரில் ஏற்றத்தைக் கண்டால் திணறிய வண்டி, இப்போது லேசாக மிதித்தாலே இழுத்துக்கொண்டு போகிறது. டர்போவோ கிளட்ச்சோ ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. ரீமேப் செய்தவர் கைதேர்ந்தவர்.

என்னை இன்றுவரை உறுத்துவது டவுன்பைப் பெட்டிக்குள் இருந்த ஒரு சின்னச் சீட்டு. "பந்தயத் தடத்தில் மட்டும் பயன்படுத்தவும்." மெக்கானிக் அதைக் கசக்கிக் கீழே போட்டார். நான் எடுத்து நீவி, டாஷ்போர்டு பெட்டியில் வைத்தேன். அந்த ஒரு வரியோடு விற்றவர் கை கழுவிவிட்டார். சாலையில் ஓட்டுகிற பொறுப்பு முழுக்க என் தலையில்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போனதும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் பி0420 (கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு) என்று கத்த வேண்டும். ரீமேப்பில் அதன் வாயை அடைத்துவிட்டார்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது, ஆனால் புகை புகைதானே! காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பார்க்கிங் முழுக்க எரியாத பெட்ரோல் வாடை. பக்கத்து வீட்டுக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

"புகைப் பரிசோதனைக்கு முன்னால் ஸ்டாக் மேப்பை (கம்பெனி மென்பொருளை) ஏற்றிக்கொள், போதும்" என்பார்கள். போதாது. மேப் மாறினாலும் கேட் திரும்பி வராது. மென்பொருளை ஏற்றிய (ஃபிளாஷ்) கையோடு போனால் ஓபிடி ரெடினஸ், அதாவது வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வேலை, பூர்த்தியாகாமல் நிற்கும். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் இசியு (இன்ஜின் கணினி) மென்பொருளையே படித்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது.

அப்புறம் இன்ஷூரன்ஸ். "மாற்றம் ஏதும் செய்துள்ளீர்களா?" என்ற கேள்விக்கு முதல் வருடம் இல்லை என்று குறித்தேன். தப்பு. நாளை ஒரு விபத்து நடந்து, அவர்கள் வண்டியைச் சோதித்தால் அந்தப் பதிலைக் காட்டியே கைவிரிக்கலாம். அடுத்த வருடம் உண்மையை எழுதினேன், பிரீமியம் ஏறியது. அதில் அவர்கள்மேல் கோபமில்லை.

சரி, போடலாமா? வேண்டாம். பவர் கட்டாயம் வேண்டுமென்றால், சாலைக்கான சான்றிதழ் உள்ள, கேட் வைத்த பைப்பாகப் பாருங்கள். தாளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய பைப்பையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது சாக்கில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது, சனிக்கிழமை மாட்டப் போகிறேன்.